தள்ளினால் ஸ்ராட் வராத கார்

எங்கள் பழைய காரின் பின் இடப்பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அதனால் இறங்க வேண்டிய இடம் வந்ததும் காரில் வந்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அப்பா எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்து கதவைத் திறந்துவிடுவார். எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் வருமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அண்ணைக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பகிடிதான்.

"கொழும்பிலை மந்திரிமாருக்குத்தான் உப்பிடிக் கதவு திறந்துவிடுறவை. அக்கராயனிலை முட்டை விக்கப் போறவளும் மந்திரிதான்."

அப்பா அக்கராயனில் அந்தக் காரை வாடகைக்கு விட்டு ஹயர் ஓடினார். சின்ன வயதில் தாய் தகப்பனோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து வயல் வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். அவர் வேலை செய்த வயற்காரர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனபோது கைமாறி வந்த கார் அது. இலக்கத் தகட்டின் நடுவில் சிறீ எழுத்து உள்ள, அப்பாவைவிட வயதில் மூத்த ஆங்கிலேயக் கார். அடித்தகட்டில் ஓட்டை விழுந்த இடத்தில் பால்மா ரின்னை வெட்டி விரித்து அறைந்திருந்தார். அதையும் மீறிச் செம்மண் புழுதி உள்ளே வரும். வெள்ளைச் சேலையோடு கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டு கால்களையும் இருக்கையில் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள்.

காலையில் அதை எழுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வருவது அபூர்வம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே ஓர் இருமல் மருந்துப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலை நகைபோலப் பாதுகாத்து வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு, எஞ்சின் உறுமியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தடை போய், பாதை திறந்து, எரிபொருள் நிலையங்கள் வந்த பிறகும் அப்பா அந்தப் போத்தலை விடவில்லை. தாங்கி நிறையப் பெற்றோல் இருக்கும்போதும் காலையில் நாலு சொட்டு. "அதுக்குப் பழகிப்போச்சு" என்பார். காருக்கா, அவருக்கா என்று நான் கேட்டதில்லை.

நாலு சொட்டுக்கும் எழும்பாத நாளில் தள்ள வேண்டும். அதற்கு யாரையும் போய்க் கூப்பிடும் வழக்கமில்லை. அப்பா எஞ்சின் மூடியான போனெற்றை இரண்டு தரம் ஓங்கிச் சாத்துவார். டமார், டமார். ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு அது விளங்கும். சவர நுரை பாதி முகத்தில் இருக்க ஒருவர் வருவார். குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு அம்மா வருவா. எதிர்வீட்டு மாமி வருவா. பின்பக்கத்தில் யாருக்கு எந்த இடம் என்பதுகூடத் தீர்மானமாக இருந்தது. மாமிக்கு வலப்பக்க விளக்குக்கு மேலே உள்ள இடம். பத்து அடி, பதினைந்து அடி; கார் ஒருமுறை விக்கி, புகையை எல்லோர் முகத்திலும் விட்டுவிட்டுப் போகும்.

மாமி எங்களுக்கு உறவில்லை. அப்பா அவவை அக்கா என்றதால் எனக்கு மாமி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். நல்ல பலசாலி. நெல் மூட்டையை ஆண்கள் இரண்டு பேர் பிடிக்கும்போது அவ தனியே பிடிப்பா.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சண்டை நெருங்கி வர நாங்கள் அக்கராயனை விட்டுப் புறப்பட்டோம். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதக் கூடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது காரின் பின்கண்ணாடி. நான் பின் இருக்கையில், பாய்களுக்கும் சட்டி பானைகளுக்கும் நடுவில், பின்பக்கம் பார்த்தபடி இருந்தேன். பெற்றோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. அப்பா வெளியே நடந்தபடி யன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகமும் மாமியின் முகமும். வலப்பக்க விளக்குக்கு மேல் மாமி. நாட்கணக்காக அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். ஒருமுறை மாமி மூச்சு வாங்க நின்று, கண்ணாடியில் மூக்கை வைத்து நசுக்கி, என்னைச் சிரிக்க வைத்தா.

புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஓரிடத்தில் காரை விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தது. அப்பா கதவுகளைப் பூட்டவில்லை. போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு, கைவிடப்பட்ட வாகனங்களை ஓரிடத்தில் குவித்து வைத்திருப்பதாகவும் புத்தகம் உள்ளவர்கள் போய் அடையாளம் காட்டலாம் என்றும் கேள்விப்பட்டோம். புத்தகம் என்றால் வாகனத்தின் பதிவுப் பத்திரம். அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியபடியே எல்லா இடமும் கொண்டு திரிந்திருந்தா. அந்த வெட்டையில் நூற்றுக்கணக்கில் துருப்பிடித்த வாகனங்கள். அப்பாவுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாது. அவர் ஒவ்வொரு காருக்கும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஒன்றின் கீழிருந்து, "இஞ்சை வா" என்று கத்தினார். அடித்தகட்டில் பால்மா ரின். அதன் பிறகுதான் நான் புத்தகத்தைப் பார்த்து எஞ்சின் இலக்கத்தை வாசிக்க, அங்கிருந்த அதிகாரி தலையாட்டினார். வீட்டில் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் வாசிப்பு முதன்முதலில் எங்களுக்கு மீட்டுத் தந்தது அந்தக் காரைத்தான்.

அதன் பிறகு கார் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடியது. நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்து, கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓட்டோக்கள் பெருகின. அப்பாவின் ஹயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மாமிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டியிருந்தது. நெல் மூட்டை தூக்கிய கைகள் மெலிந்து, மணிக்கட்டில் நரம்பு கயிறுபோலப் புடைத்து நின்றது. காலை ஆறேகாலுக்கு வெளிக்கிட்டால் நேரத்துக்கு அரைமணி முன்னரே போய்ச் சேரலாம். அப்பா ஒருநாளும் பிந்தியதில்லை, அந்த மாசி மாதக் காலை வரை.

அன்றைக்குக் கார் குளக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தள்ள ஆளில்லாத இடம். அப்பா மட்டும் தள்ளிப் பார்த்தார். மாமி இறங்கித் தானும் தள்ளப் பார்த்தா என்றும், அப்பா கையெடுத்துக் கும்பிட்டு அவவை ஏற்றினார் என்றும் பிறகு தெரிந்தது. ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் பிந்திவிட்டது. முழு நேரமும் செய்ய முடியவில்லை. இரண்டு நாள் மாமியின் முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. வெளிநாட்டில் இருக்கும் மாமியின் மகன் போனில் அப்பாவோடு மரியாதையாகத்தான் கதைத்தான்.

"கோவிக்காதேங்கோ மாமா. அம்மாக்கு இனி ஒரு ஓட்டோவைப் பேசி விடுவம்."

"ஓம் தம்பி. அதுதான் சரி" என்றார் அப்பா.

மறுநாள் அவர் சந்திக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. காரின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். மாமி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து படலையில் நின்று சத்தம் போட்டா.

"என்னடாப்பா, என்னை ஓட்டோவிலை குலுக்கிக் கொல்லப் பாக்கிறியோ? அவன் அங்கை இருந்து சொல்லுவான். நான் உன்னோடைதான் வருவன். காரைப் பார்."

"கார் ஏலாது அக்கா."

"அப்ப வேறை காரைப் பார்."

அன்றிலிருந்து நான் தேடத் தொடங்கினேன். போனில் விளம்பரம் விளம்பரமாகப் பார்த்தேன். அப்பாவின் இடது முழங்கால் கிளச்சை மிதித்தே தேய்ந்துபோயிருந்தது. படியேறும்போது கையால் தொடையைத் தூக்கி வைப்பார். ஆகவே கிளச் இல்லாத, கியர் தானாகவே மாறும் ஓட்டோ கியர் கார்தான் என்று தீர்மானித்தேன். என் கைக்கு எட்டக் கூடிய விலையில் வவுனியா நெளுக்குளத்தில் ஒன்று இருந்தது. யப்பானிலிருந்து பழசாக வந்து, இங்கேயும் மூன்று கை மாறிய சின்னக் கார். ஒரு பக்கக் கண்ணாடி வேறு நிறம். பின் பம்பரில் வெடிப்பு.

பஸ்ஸில் போனோம். விற்கிறவ ஓய்வுபெற்ற மருத்துவமாது. நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அப்பா போனெற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவ கார்த் திறப்பைத் திருப்பியதும் உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. அப்பா கையை எடுத்துவிட்டார்.

"ஆர் உள்ளை?"

"யப்பான் பாஷை ஐயா. ஒவ்வொருக்காலும் சொல்லும். பயப்பிடாதேங்கோ" என்றா அவ.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"தெரியாது அப்பா."

"உதிலை எழுதிக் கிடக்கிறது?"

"அதுவும் யப்பான் எழுத்துத்தான். எனக்கு விளங்காது."

அப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. இத்தனை வருடங்களில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "அப்ப உனக்கும் எனக்கும் ஒண்டுதான்" என்றார். அந்தக் கார் அவருக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்குப் பிறகுதான் விற்கிறவவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, இது தள்ளினால் ஸ்ராட் வருமோ?"

"ஓட்டோ கியர் கார் தள்ளினால் வராது ஐயா. பற்றறியைக் கவனமாய்ப் பாத்தால் போதும்."

அப்பா வெளியே போய் றோட்டோரத்தில் நின்றார். நான் பின்னால் போனேன்.

"நல்ல கார் அப்பா. உங்கடை முழங்காலுக்கு இதுதான் சரி."

"முழங்கால் என்ரை. கார் சனத்தின்ரை. நாலு சனம் நிக்கிற இடத்திலையும் நிண்டுபோற காரை என்னெண்டு நம்பி அக்காவை ஏத்துறது? சனம் இருந்தால் ஓடோணும் கார்."

எனக்குச் சினம் வந்தது. வெயில், பசி, அலுவலகத்தில் எடுத்த ஒருநாள் லீவு, எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "இது இடம்பெயர்வு இல்லை அப்பா. ஒரு போன் எடுத்தால் ஆள் வரும். இன்னும் எத்தினை வருசத்துக்குத் தள்ளுற கதையே கதைச்சுக்கொண்டு இருக்கப் போறியள்?"

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். "சரி. நீ படிச்சனி. வாங்கு."

வாங்கினேன். அந்தச் சரியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் எதையும் கொடுப்பேன் என்று, பஸ்ஸில் போன அந்த வழியை இப்போது கடக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

பழைய காரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பொடியன் எடுத்தான். கலியாணங்களுக்குப் பூச்சோடித்து, மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிப் படம் பிடிப்பதற்காம். எஞ்சினை அவன் திறந்தும் பார்க்கவில்லை. சிறீத் தகட்டைத்தான் படமெடுத்தான். லொறியில் ஏற்றப் பலகை போட்டபோது ஒழுங்கை முழுவதும் வந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் இடத்தில் கை வைத்தார்கள். மாமி தன் வீட்டு வாசலில் கதிரையில் இருந்து பார்த்தா. வலப்பக்க விளக்குக்கு மேலே உள்ள இடத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. அப்பா பொடியனிடம் போத்தலை நீட்டினார். "காலமை நாலு சொட்டு" என்றார். அவன் சிரித்துக்கொண்டு, "ஓடப் போறதில்லை ஐயா, நிக்கத்தான்" என்றான். அப்பா போத்தலைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதிய கார் அப்பாவிடம் இரண்டு நாளில் பழகிவிட்டது. இடதுகாலுக்கு வேலையில்லாததால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சப்பணம் போட்டுக்கொண்டு ஓட்டினார். குரல் பேசும்போது "ஓம் ஓம், விளங்குது" என்பார். தேநீர்க்கடை அண்ணை விடவில்லை. "இந்த வயசிலை யப்பான்காரியைக் கூட்டிக்கொண்டு திரியிறார், கேக்க ஆளில்லை." போத்தல் முன்தட்டுக்குள் கிடந்தது, அதற்கு வேலையில்லை. போனெற்றைத் திறக்கவும் வேலையில்லை. முதல் நாள் விடிய அப்பா மாமியை ஏற்றிக்கொண்டு போனபோது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தமே இல்லை. "எப்ப போனனீங்கள்?" என்று பின்னேரம் எல்லோரும் கேட்டார்கள். அப்பாவுக்கு அது பெருமையாக இருந்ததா, அந்தரமாக இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது முறை போகவேண்டிய காலை. மாமியைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டு அப்பா திறப்பைத் திருப்பினார். குரல் வரவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. மறுபடி திருப்பினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

நான் ஓடிப் போய் உள்ளே பார்த்தேன். கூரையில் உள்ள சின்ன விளக்கின் சுவிச்சு, கதவு திறந்திருந்தால் எரியும் பக்கத்தில் இருந்தது.

"அப்பா, ராத்திரி இந்தப் பின் கதவைச் சாத்தினனீங்களோ?"

"நான் எப்பவும் அதை இறுக்கிச் சாத்திறேல்லையே. இறுக்கினால் பிறகு திறக்காது."

அப்போதுதான் விளங்கியது. பழைய காரின் பின் இடப்பக்கக் கதவு இறுகினால் சிலவேளை வெளியிலிருந்தும் அடம்பிடிக்கும். அதனால் முப்பது வருடமாக அவர் அதைப் பொருத்தி மட்டும் வைப்பார். பழைய காருக்குள் விளக்கே இல்லை. இந்தக் காரிலும் அதே கதவைப் பொருத்திவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார். விடிய விடிய விளக்கு எரிந்து பற்றறியைக் குடித்துவிட்டது.

அப்பா ஸ்ரேறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அசையாமல் இருந்தார். நேரம் ஆறு பதினாறு. நான் சொன்ன சொல் இருந்ததே, ஒரு போன் எடுத்தால் ஆள் வரும் என்று. எடுத்தேன். கராஜ்காரர் எடுக்கவில்லை. ஓட்டோக்காரருக்கு எடுத்தேன்; பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு முறிகண்டிப் பக்கம் நிற்பதாகச் சொன்னார். தேநீர்க்கடை அண்ணை எடுத்தார். "ரக்ரர் சந்தியிலை நிக்குது. பெட்டி நிறைய நெல்லு, உந்த ஒழுங்கைக்குள்ளை வராது. காரை இஞ்சை கொண்டு வாங்கோ, ரக்ரர் பற்றறியிலை இருந்து வயர் குடுக்கிறன்" என்றார்.

"அக்கா, இறங்குங்கோ" என்றார் அப்பா. "உங்கடை மகன் சொன்னமாதிரி ஓட்டோவே..."

"நான் இறங்கமாட்டன்" என்றா மாமி. "உனக்கென்ன, போனெற்று இல்லையோ இந்தக் காருக்கு?"

அப்பா அவவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கினார். போனெற்றைத் திறந்தார். ஓங்கிச் சாத்தினார். மறுபடி திறந்து, மறுபடி ஓங்கிச் சாத்தினார்.

புதுக் காரின் போனெற்றுச் சத்தம் பழையதைப்போல டமார் என்று கேட்கவில்லை. மெல்லிய தகடு. ஆனாலும் படலைகள் திறந்தன. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. சவர நுரையோடு வந்தவர் இந்த முறையும் சவர நுரையோடுதான் வந்தார். ரியூசனுக்கு வெளிக்கிட்டு நின்ற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

"தள்ளினால் ஸ்ராட் வராது" என்று நான் எல்லோருக்கும் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "இது ஓட்டோ கியர். எஞ்சினுக்கும் சில்லுக்கும்..."

"வராட்டிக் கிடக்கட்டும். போகும்தானே?" என்றார் சவர நுரையோடு நின்றவர்.

கியர்த்தடி அசைய மறுத்தது. பற்றறி இல்லாவிட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். அதன் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருப்பதையும், அதைக் கிளப்பி உள்ளே அமத்தினால் தடி விடுபடும் என்பதையும் நான் போனில் வாசித்திருந்தேன். மாமியின் சேலைப் பின்னை வாங்கி அமத்தினேன். தடி விழுந்தது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எஞ்சின் இலக்கம் வாசித்த நாளில் பார்த்த அதே பார்வை. பின்னர் வெளியே நின்றபடி யன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்ரேறிங்கைப் பிடித்தார். உள்ளே இருந்து திருப்பலாம் என்று நான் சொல்லவில்லை.

நான் பின்னுக்குப் போனேன். வெறுமையாக இருந்தது வலப்பக்க விளக்குக்கு மேலே உள்ள இடம்தான். அங்கே கை வைத்தேன். கார் நகர்ந்தது. பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருக்கையில் முழங்கால் போட்டுத் திரும்பி, மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியில் மூக்கை வைத்து நசுக்கினா. எனக்குச் சிரிக்க வரவில்லை. வேறு எதுவோ வந்தது. தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன்.

"மூச்சு விட்டுத் தள்ளுங்கோடா!" உள்ளிருந்து அவவின் சத்தம் கேட்டது. "நான் உங்களை உப்பிடியே தள்ளினனான்? எருமை மாதிரித் தள்ளினனான்!"

சந்தியில் அண்ணை இரண்டு வயரோடு தயாராக நின்றார். "என்ன, யப்பான்காரி கோவிச்சுக்கொண்டாவோ?" ரக்ரர் பற்றறியிலிருந்து வயரைக் கொடுத்தார். அப்பா திறப்பைத் திருப்பினார். அந்தப் பெண்குரல் தனக்குத் தெரிந்த பாஷையில் அமைதியாக எதையோ சொன்னது. சந்தியில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். அப்பா, "ஓம் ஓம், விளங்குது" என்றார்.

நானும் அவர்களோடு போனேன். குளக்கட்டைத் தாண்டும்போது அப்பா, "தள்ளினால் போகுது" என்றார். எனக்கா, காருக்கா என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது மாமியின் நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நான் முன் இருக்கையிலிருந்து திரும்பி, "மாமி, இந்தக் கதவு உள்ளுக்கை இருந்தும் திறக்கும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவ பையை மடியில் வைத்துக்கொண்டு, கைகளை அதன்மேல் கோத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி இருந்தா. அப்பா எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்து, கதவைத் திறந்துவிட்டார்.